எஞ்சின் ஓடும்போது மட்டும்

பெடல் என்றதும் சைக்கிளை நினைத்துக்கொள்ள வேண்டாம். தையல் மெஷினையும் நினைக்க வேண்டாம். இதையும் காலால்தான் மிதிக்க வேண்டும், ஆனால் மிதித்தால் எதுவும் நகராது. கிட்டாரின் குரல்தான் மாறும். சோப்பு டப்பா அளவுக்கு ஓர் இரும்புப் பெட்டி. கிட்டாருக்கும் ஆம்ப் என்கிற ஒலிபெருக்கிப் பெட்டிக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, கம்பியிலிருந்து ஒழுங்காகக் கிளம்பி வரும் ஒலியைப் பிடித்துக் கசக்கி, கிழித்து, உறுமலாக்கி அனுப்பும். டிஸ்டார்ஷன் பெடல் என்று பெயர். ஹெவி மெட்டல் வாசிக்கிற கூட்டத்துக்கு இது இல்லாமல் கை ஓடாது. எந்தப் பெட்டி நன்றாக உறுமும் என்று அவர்களில் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். கேட்ட பாவத்துக்கு அன்றைய பொழுது போயிற்று.

பூவிழிக்கு முன்னால் அப்படி இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்று கறுப்பு. நெற்றியில் மண்டை ஓடு, அதற்குக் கீழே வரிசையாகக் குமிழ்கள், எரியும்போது சிவப்பாக முறைக்கும் ஒரு விளக்கு. மற்றது மஞ்சள். படம் கிடையாது, பயமுறுத்தல் கிடையாது, சமையல்கட்டில் வைத்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். தஞ்சாவூர் கீழவாசலில் இசைக்கருவிக் கடை வைத்திருக்கும் அஸார், பூவிழியோடு டிரம்ஸ் வாசிக்கும் ஜாபிருக்கு மச்சான் முறை. "ரெண்டையும் கொண்டுபோயி வாசிச்சுப் பாருங்க. ஒன்ன வச்சுக்கங்க, ஒன்னத் திருப்பிக் குடுத்துடுங்க. மேல ஒட்டியிருக்க பிளாஸ்டிக்க மட்டும் உரிச்சுடாதீங்க" என்று கொடுத்தனுப்பியிருந்தான். ஆர்மோனியமும் கீபோர்டும் விற்கிற அவன் கடைக்கு இந்த இரண்டும் எப்படி வந்து சேர்ந்தன என்பது அவனுக்கே தெரியாது.

பூவிழி தஞ்சாவூரில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். பகலெல்லாம் வருகிறவர்கள் மூக்கில் இரும்பு பிரேமை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இப்பத் தெளிவா, இப்பத் தெளிவா?" என்று கேட்பதுதான் பிழைப்பு. சாயந்திரம் ஒரத்தநாட்டுக்குத் தெற்கே தன் ஊருக்குப் பஸ் ஏறி, கிட்டாரை மாட்டிக்கொண்டால் வேறு ஆள். 'பிணந்தின்னி' என்ற குழுவை ஆரம்பித்தது அவள்தான். பட்டுக்கோட்டையில் செல்போன் கடை வைத்திருந்த ஜாபிரைக் கெஞ்சிக் கூத்தாடி டிரம்ஸ் வாங்க வைத்தவளும், உரக்கடையில் பூனைக்குட்டி மாதிரிப் பேசும் அரசப்பனுக்குள் ஒரு காட்டுப்பன்றி ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்து மைக்கைக் கையில் கொடுத்தவளும் அவள்தான். அடிச் சத்தம் கொடுக்கும் பேஸ் கிட்டார் வாசிக்க மட்டும் ஆள் கிடைக்கவில்லை. தேவையும் படவில்லை. மூன்று பேர் வாசித்தாலே அடிவயிறு அதிர்ந்தது.

பிறகு பிரபு வந்தான். மன்னார்குடிக்காரன், பெங்களூர்க் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவன், இவர்களைவிட மூன்று நான்கு வயது மூத்தவன். அவனிடம் நல்ல ஆம்ப் இருந்தது. ஆம்ப்போடு கூடவே அபிப்பிராயங்களும் இருந்தன. வந்த மறுவாரமே மஞ்சள் பெட்டியைத் தள்ளிவைத்துவிட்டுக் கறுப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"இதுதான் மெட்டல். அந்த மஞ்சளப் போட்டு வாசிச்சா மெல்லிசைன்னு சொல்லிடுவாங்க. காணும் பொங்கலுக்குக் கறுப்பு எடுக்கலாம். ஆனா கறுப்புக்கு ஒரு கை வேணும். அன்னக்கி நான் வாசிக்கிறேன்."

"அப்ப நான்?" என்று கேட்டாள் பூவிழி.

"நீயும் இரு. கோரஸ் பாடலாம்ல?"

"நீங்க பேஸ் வாசிங்களேன்."

"நான் ஓரமா நிக்கிற ஆளு இல்ல" என்றான் பிரபு. ரொம்ப நல்ல விதமாகத்தான் சொன்னான். அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

காணும் பொங்கல் என்று அவன் சொன்னது சாதாரண விஷயம் இல்லை. பிணந்தின்னிக்கு அதுதான் முதல் மேடை. அரசப்பனின் தாய்மாமா பக்கத்து ஊரில் பொங்கல் விழாக் குழுத் தலைவர். பாட்டுக் கச்சேரி வைக்க ஆள் தேடிக்கொண்டிருந்தவரிடம், அரசப்பன் தன் பூனைக்குட்டிக் குரலில், "எங்க குரூப்பு ஒன்னு இருக்கு மாமா" என்று சொல்லியிருந்தான். என்ன குரூப் என்று அவரும் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை. நோட்டீஸில் பிணந்தின்னி என்று போட மாமாவுக்கு மனசு வரவில்லை. 'பூவிழி இன்னிசைக் குழுவினர் வழங்கும் தேனிசை மழை' என்று போட்டுவிட்டார். பெயர் அவள் பெயர், கிட்டார் மட்டும் பிரபு கையில் என்றால் அவள் எந்த முகத்தை வைத்துக்கொண்டு மேடையில் நிற்பாள்? தான் பெற்று வளர்த்த குழுவில் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்க அவள் தயாராக இல்லை.

எனவே தனக்குத் தெரிந்த வேலையைக் கையில் எடுத்தாள். "சும்மா பேசிக்கிட்டிருக்க வேணாம். டெஸ்ட் வச்சிடலாம். மஞ்ச எனக்கு, கறுப்பு ஒங்களுக்கு. யாரு பெட்டி ஜெயிக்குதோ அவங்கதான் காணும் பொங்கலுக்கு வாசிக்கிறது. கண்ணக் கட்டிக்கிட்டு நீங்களே கேட்டுச் சொல்லுங்க" என்றாள்.

பிரபு சிரித்தான். "கண்ணக் கட்டுனா என்ன, தூங்கும்போது கேட்டாக்கூட கறுப்பக் கண்டுபுடிச்சிருவேன்."

டெஸ்ட் நடந்த இடம் அவர்கள் எப்போதும் வாசித்துப் பழகும் இடம்தான், பூவிழியின் அப்பா துரைராசுவின் எஞ்சின் கொட்டகை. அது கடைமடைப் பக்கம். வாய்க்காலில் தண்ணீர் வரும், வயலுக்குத் தானாக ஏறாது. எஞ்சின் வைத்துத்தான் இறைக்க வேண்டும். துரைராசுவிடம் பழைய ஆயில் எஞ்சின் ஒன்று இருந்தது. தன் வயலுக்கும் அக்கம்பக்கத்து வயலுக்கும் முறை வைத்து இறைப்பார். அது ஓடினால் தரை குலுங்கும். கொட்டகையில் குறுக்குச் சுவர் எழுப்பி, ஒரு பக்கம் எஞ்சின், மறுபக்கம் பிணந்தின்னி.

அந்த இடத்துக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. குழு ஆரம்பித்த புதிதில் பக்கத்து வயல்காரி அம்சம் வந்து, களத்து மேட்டில் நின்றுகொண்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி துரைராசுவிடம் நியாயம் கேட்டாள். "எஞ்சின் சத்தம் இருக்கட்டும் அண்ணே, அது சோறு போடுது. ஒங்க பொண்ணு சத்தம் எதுக்கு? காலையில அது, சாயந்தரம் இதுன்னா மனுசர் எப்பதான் காத தொறந்து வைக்கிறது?" துரைராசு யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். எஞ்சின் ஓடும்போது மட்டும் வாசிக்கலாம். எஞ்சின் நின்றால் பாட்டும் நிற்க வேண்டும். இரண்டு சத்தமும் சேர்ந்து ஒரே சத்தமாகப் போய்விடும், யாருக்கும் தனித் தொந்தரவு இல்லை. அம்சமும் ஒத்துக்கொண்டாள். அன்றிலிருந்து பிணந்தின்னி அந்த எஞ்சின் இல்லாமல் ஒரு நாளும் வாசித்ததில்லை. காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு வாசித்து வாசித்து, எஞ்சின் ஓடுகிறது என்பதே அவர்களுக்கு மறந்துபோயிற்று.

டெஸ்ட்டும் எஞ்சின் ஓடும்போதுதான் நடந்தது. பிரபுவையும் ஜாபிரையும் சுவரைப் பார்த்து உட்காரவைத்துக் கண்களில் துண்டைக் கட்டினாள். இரண்டு பெட்டிகளையும் சாக்குப் பையால் மூடினாள். அவளே வாசித்தால் ஓரவஞ்சனை என்பார்கள். அரசப்பன் கையில் கிட்டாரைக் கொடுத்தாள். அவனுக்கு ஒரே ஒரு பாட்டில் ஓர் அடி மட்டும் வாசிக்கத் தெரியும். அது போதும்.

"இப்ப நல்லாருக்கா?" என்று கத்தினாள். பெட்டியை மாற்றி மிதித்தாள். "இல்ல, இப்ப நல்லாருக்கா?"

"ரெண்டாவது!" என்றான் பிரபு துள்ளிக்கொண்டு. "கேளுங்க, எப்படி அறுக்குது! ஒவ்வொரு நோட்டும் தனித்தனியா வந்து விழுது. மொதல்ல வந்தது சேத்துல காலு மாட்டுன மாதிரி சொதசொதன்னு இருந்துச்சு. அதுதான் மஞ்ச."

ஜாபிரும் தலையாட்டினான். "ஆமாண்ணே. ரெண்டாவதுதான்."

பூவிழிக்குச் சிரிப்பு முட்டியது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். இரண்டாவதாக மிதித்தது மஞ்சள். ஒருமுறை சொன்னதை நம்பிவிட அவளுக்குத் தொழில் தெரியாதா என்ன? கண்ணாடிக் கடையில் மரியாதைக்காகத் தெரிகிறது தெரிகிறது என்று சொல்கிறவர்களை அவள் தினமும் பார்க்கிறாள். அவர்களுக்கு ஒரே வில்லையை இரண்டு தடவை போட்டுக் காட்டுவாள். இங்கேயும் கறுப்பையே இரண்டு தடவை மிதித்தாள்.

"ரெண்டும் மஞ்சதான்" என்றான் பிரபு அலுப்போடு. "ஏமாத்துறியா? ஆனா ஒன்னு, மொதல்ல வந்த மஞ்ச கொஞ்சம் தேவலாம்."

மறுபடி மஞ்சளை மிதித்தாள். "ஆங்! வந்துட்டாண்டா ராசா!" என்று தொடையில் தட்டினான்.

துண்டை அவிழ்த்துவிட்டுச் சாக்கைத் தூக்கியபோது, மஞ்சள் பெட்டியின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பிரபு கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். இருந்திருந்தாற்போல் அவன் காது சிவந்தது. அரசப்பன் மரியாதைக்காகத் தரையைப் பார்த்தான். ஜாபிர் மரியாதை எல்லாம் பார்க்கவில்லை, விழுந்து விழுந்து சிரித்தான். பூவிழிக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை மறைப்பதற்கில்லை. அன்று ராத்திரி இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள். மஞ்சள் தங்கியது. கறுப்பு பிளாஸ்டிக் உரியாமல் அஸார் கடைக்குத் திரும்பிப் போயிற்று.

காணும் பொங்கலன்று மத்தியானம் போய் இறங்கினார்கள். வாய்க்கால் கரையை ஒட்டிய திடல். வாய்க்காலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேடை, மேடைக்கு முன்னால் வாடகை நாற்காலிகள், ஓரத்தில் கோலப் போட்டியின் மிச்சம். மாமா வெள்ளை வேட்டியில் சலசலத்துக்கொண்டு வந்தார்.

"வாங்க வாங்க. மொதல்ல ஒரு சாமி பாட்டு போட்டுட்டு ஆரம்பிச்சிடுங்க" என்றார்.

"சரிங்க மாமா" என்றான் அரசப்பன். அவன் முதல் பாட்டின் பெயர் 'புகையான்'. நெல்லைக் கருக்கும் பூச்சி.

ஒலி சரிபார்க்க வேண்டும் என்று பூவிழி மேடையேறினாள். கிட்டாரை மாட்டினாள். மஞ்சளை மிதித்தாள். கையை ஓங்கி அடித்தாள்.

கொசு பாடியது.

உண்மையாகவே கொசு. சின்னதாக, கூராக, காதோரத்தில் ரீங்காரம் போடுகிற கொசு. குமிழ்களைத் திருப்பினாள். பெரிய கொசு. ஆம்ப்பைக் கூட்டினாள். நிறையக் கொசு. நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த ஒருவர் தலையைத் தூக்கி, "என்னம்மா, மைக்கு சரியில்லையா?" என்று விசாரித்தார். ஜாபிர் டிரம்ஸை நிறுத்திவிட்டு வயரைப் பிடுங்கிச் சொருகினான். ஒன்றும் ஆகவில்லை. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சரியாக இருந்தும் இப்படி இருந்ததுதான் கோளாறு.

"என்ன ஆச்சு? கொட்டகையில யானை மாதிரி இருந்துச்சே" என்றான் ஜாபிர்.

பூவிழி கம்பிகளைக் கையால் அழுத்திப் பிடித்தாள். வாய்க்கால் சலசலவென்று ஓடுவது கேட்டது. குருவி கத்துவது கேட்டது. இதற்கு முன்னால் கிட்டாரும் கையுமாக நின்றபோது குருவிச் சத்தத்தை அவள் கேட்டதே இல்லை.

"எஞ்சின்" என்றாள்.

"என்ன எஞ்சின்?"

"எங்கப்பா எஞ்சின்டா. அடிச் சத்தம் பூராவும் அதுதான் போட்டுச்சு. நாம மேல் சத்தம் மட்டும்தான் வாசிச்சிருக்கோம். பேஸ் வேணாம் பேஸ் வேணாம்னு இருந்தோமே, எஞ்சின்தாண்டா பேஸ்! அதான் கறுப்பு அங்க சொதசொதன்னு கெடந்துச்சு. எஞ்சின் அடிச் சத்தத்தோட கறுப்போட அடிச் சத்தமும் சேர்ந்து கொழம்பிப்போச்சு. மஞ்சளுக்கு அடிச் சத்தமே இல்ல, அதான் தனியா அறுத்துச்சு."

சொல்லச் சொல்ல அவளுக்கே அழுகை வந்தது. ஊரார் கண்ணையெல்லாம் நிதானமாகச் சோதிக்கிறவள், இருட்டறையில் சட்டை நிறம் பார்த்து எடுத்த மாதிரி எஞ்சின் சத்தத்தில் பெடல் எடுத்திருக்கிறாள்.

பிரபு மெதுவாகத் தன் தோள் பையைத் திறந்து காட்டினான். உள்ளே மண்டை ஓடு சிரித்தது.

"திருப்பிக் குடுத்தோமே!" என்றான் அரசப்பன்.

"நான் போயி வாங்கிட்டு வந்துட்டேன். எனக்குன்னு" என்றான் பிரபு. பிறகு பூவிழியைப் பார்த்து, "நான் ஒன்னும் சொல்லல. இது எங்கிட்ட இருக்கு. வாசிக்கிறதா இருந்தா நான் வாசிக்கிறேன், அவ்வளவுதான்" என்றான்.

ஜாபிரும் அரசப்பனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையை அவள் கவனித்தாள். இன்னும் கொஞ்சம் விட்டால் சரி என்று சொல்லிவிடுவார்கள். அவர்கள் மேல் தப்பில்லை; கொசுவோடு மேடையேற யாருக்குத்தான் பிடிக்கும்?

அவள் செல்லை எடுத்தாள்.

"அப்பா, எஞ்சின எடுத்துக்கிட்டு வாங்க."

"எந்த வயலுக்கு?" என்றார் துரைராசு.

"வயலுக்கு இல்லப்பா. மேடைக்கு."

ஏன், எதற்கு என்று கேட்பார் என்று நினைத்தாள். அவர் கேட்டது வேறு.

"தண்ணி எங்கேருந்து எங்க போகணும்?"

ஜாபிர்தான் பஞ்சாயத்தை முடித்துவைத்தான். "இப்படி வச்சுக்கலாம். எஞ்சின் வந்து ஓடுச்சுன்னா பூவிழி வாசிக்கட்டும். வரலன்னாலும், நடுவுல நின்னு போச்சுன்னாலும், அண்ணன் வாசிக்கட்டும். அப்பறம் யாரும் மொகத்தத் தூக்கக் கூடாது." பிரபு சரி என்றான். பூவிழியும் சரி என்றாள். வேறு என்ன சொல்ல முடியும்?

பொழுது சாயும் நேரத்தில் துரைராசு டிராக்டரில் வந்து சேர்ந்தார். பின்னால் டிப்பரில் எஞ்சின், அதற்குக் கோணிச் சாக்குப் போர்வை, பக்கத்தில் சுருட்டிய நீலக் குழாய். மாமா ஓடிவந்தார்.

"என்ன மச்சான், ஜெனரேட்டரா? கரண்டு இருக்கே!"

"இது வாத்தியம்" என்றார் துரைராசு.

வாத்தியத்தை மேடைக்குப் பின்னால், வாய்க்கால் கரையில் இறக்கி வைத்தார்கள். பூவிழி ஒரு மைக்கைக் கொண்டுபோய் அதன் முன்னால் நிறுத்தினாள். சும்மா ஓட்டினால் போதும், தண்ணீர் இறைக்க வேண்டியதில்லை என்றாள். துரைராசு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"சும்மா ஓடுற சத்தம் வேற பாப்பா. எறைக்கிற சத்தம் வேற. சும்மா ஓடுனா அது வெட்டியா சிரிச்சுக்கிட்டு நிக்கும். மூச்சுப் புடிச்சு இழுத்தாத்தான் அடிவயித்துலேர்ந்து பேசும்."

எனவே உறிஞ்சு குழாயை வாய்க்காலில் போட்டார். இறைக்கும் தண்ணீர் எங்கேயாவது போக வேண்டுமே? நீலக் குழாயைப் பின்பக்கமாக வளைத்து, வாய்க்காலுக்கே திருப்பி விட்டார். ஆனால் தண்ணீர் வேகத்தில் அந்தக் குழாய் துள்ளும், யாராவது வாயைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். துரைராசு சுற்றிலும் பார்த்தார். ஜாபிருக்கு டிரம்ஸ் இருந்தது. அரசப்பனுக்கு மைக் இருந்தது. அவர் மகளுக்குக் கிட்டார் இருந்தது.

"தம்பி, நீங்க சும்மாதான நிக்கிறீங்க? இத கொஞ்சம் புடிங்க. விட்டுடாதீங்க, எகிறும்."

பெங்களூர்க் கம்பெனிக்காரன், கறுப்புப் பனியன் போட்டு, தலைமுடியை அவிழ்த்துவிட்டு, மேடையின் ஓரத்தில் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். ஓரமாக. பூவிழி அந்தப் பக்கம் திரும்பாமலிருக்கப் படாத பாடு பட்டாள்.

திடல் நிறைந்துவிட்டது. மாமா மைக்கில், "இப்போது தேனிசை மழை" என்று அறிவித்துவிட்டு, முன்வரிசையில் காலை மடக்கி உட்கார்ந்தார். துரைராசு கைப்பிடியைச் சுழற்றினார். எஞ்சின் இருமியது, புகை விட்டது, பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு இறைக்கத் தொடங்கியது. மைக் வழியாக அந்தச் சத்தம் நாற்காலிகளின் காலைப் பிடித்து ஆட்டியது. பூவிழி மஞ்சளை மிதித்தாள். அடித்தாள்.

யானை வந்தது.

அவள் உடம்பெல்லாம் சிலிர்த்துப்போயிற்று. ஜாபிர் எஞ்சினோடு கையைக் கோத்துக்கொண்டு விளாசினான். அரசப்பன் மைக்கை வாய்க்குள் போட்டுக்கொள்கிற மாதிரி பிடித்து, காட்டுப்பன்றியை அவிழ்த்துவிட்டான்.

"புகையாஆஆன்!"

மாமாவின் மடக்கிய கால் தானாக இறங்கியது. கூட்டம் ஒரு நிமிஷம் திகைத்தது. சாமி பாட்டு என்று எண்ணிக் கைகூப்பியிருந்த இரண்டு பேர் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே வைத்திருந்தார்கள். ஆனால் 'புகையான்' என்ற சொல்லுக்கு அந்த ஊரில் விளக்கம் தேவையில்லை. போன வருஷம் பாதிப் பேர் வயலைக் கருக்கிவிட்டுப் போன பூச்சி அது. அதன்மேல் எல்லோருக்கும் சொல்லித் தீராத கோபம் இருந்தது. இவ்வளவு சத்தமாக யாரும் அதைத் திட்டி அவர்கள் கேட்டதில்லை. பின்வரிசையிலிருந்து ஒருவர், "ஆமாடா! நாசமாப் போவ!" என்று எழுந்தார். இளவட்டங்கள் நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு முன்னால் வந்தார்கள்.

அப்போதுதான் அவள் பிரபுவைப் பார்த்தாள். அவன் தலை ஆடிக்கொண்டிருந்தது. முதலில் வேண்டாம் வேண்டாம் என்று ஆடுகிற மாதிரி லேசாக ஆடியது. பிறகு அவன் கட்டுப்பாட்டை விட்டுப் போய்விட்டது. கண்ணை மூடி, முடியைச் சுழற்றி, இடுப்பை வளைத்து ஆடினான். தலை போகிற பக்கம் தோள் போயிற்று, தோள் போகிற பக்கம் குழாய் போயிற்று. வாய்க்காலில் விழுந்துகொண்டிருந்த தண்ணீர் மேடை ஓரத்தைச் சுற்றி வளைந்து, கூட்டத்தின் தலைமேல் வெள்ளை வெளேரென்று கொட்டியது.

ஒரு கூச்சல் கிளம்பியது. முதலில் கோபக் கூச்சல், அடுத்து ஆனந்தக் கூச்சல். திடல் பொதபொதவென்று ஊறியது. செருப்புகள் மிதந்தன. பெண்கள் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, நடவுக்கு இறங்கிய மாதிரி சிரித்துக்கொண்டு நின்றார்கள். பையன்கள் சேற்றில் விழுந்து எழுந்து ஆடினார்கள். மாமா நனைந்த வேட்டியைப் பிடித்துக்கொண்டு எஞ்சினை நோக்கி ஓடினார்.

"நிறுத்துங்க மச்சான்! கரண்டு பொட்டி இருக்கு! வயரு கெடக்கு! யாராச்சும் செத்துகித்து வைக்கப் போறான்!"

அது நியாயமான பேச்சு. துரைராசு எட்டி எஞ்சினை நிறுத்தினார்.

அடிச் சத்தம் சட்டென்று போயிற்று. நடுப்பாட்டில், அத்தனை பேர் முன்னிலையில், கொசு பாடியது. பூவிழி இரண்டு அடி அடித்துப் பார்த்தாள். பிறகு கையை எடுத்துவிட்டாள். ஜாபிரின் கோலும் நின்றது. கீழே சேறும் சிரிப்புமாக நின்ற கூட்டம், "ஏன் நிறுத்திட்டீங்க? போடுங்க, போடுங்க!" என்று கத்தியது.

போட வேண்டும். ஆனால் எஞ்சின் நின்றுவிட்டது. ஜாபிர் சொன்ன பஞ்சாயத்து அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. ஜாபிருக்கும் நினைவிருந்தது, அவன் அவளைப் பார்க்காமல் கோல்களைத் துடைத்துக்கொண்டிருந்தான். எந்தப் பெட்டி நல்ல பெட்டி என்பதிலும் இனிமேல் சந்தேகமில்லை. பிரபு முதலிலிருந்தே சொன்னது சரிதான். கிட்டார் வாரைத் தோளிலிருந்து கழற்றினாள்.

பிரபு மேடை ஓரத்துக்கு வந்து, கீழே நின்றான். உச்சியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"இந்தாங்க" என்று கிட்டாரை நீட்டினாள். "நீங்களே வாசிங்க. கறுப்புதான் சரி."

அவன் கையை நீட்டினான். இவ்வளவு நேரம் குழாய்த் தண்ணீரிலேயே இருந்த கைகள். கழுவிவிட்ட பளிங்கு மாதிரி சுத்தமாக இருந்தன. அவன் கிட்டாரைப் பார்த்தான். "அக்கா, போடுக்கா!" என்று கத்தும் பையன்களைத் திரும்பிப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு நீட்டிய கையை மடக்கிக்கொண்டு குனிந்தான். காலடியில் குழைந்து கிடந்த சேற்றில் இரண்டு கைகளையும் முழங்கை வரை விட்டான். நிதானமாகப் பிசைந்தான். வெளியே எடுத்து அவளிடம் விரித்துக் காட்டினான்.

"கையெல்லாம் சேறு" என்றான். "இத வச்சுக்கிட்டு எப்படி வாசிக்கிறது? கறுப்பு இருக்க பைய ஆம்ப்புக்குப் பின்னால வச்சிருக்கேன். நீயே எடுத்து மாட்டிக்க."

அவள் கிட்டாரை இன்னும் நீட்டிக்கொண்டே இருந்தாள்.

"போ, போ. கூட்டம் கலஞ்சிடும்" என்று விரட்டினான். "அந்தக் கடைசிக் குமிழ மட்டும் தொடாத, காது கிழிஞ்சிரும்!"

அவள் முதலில் அதைத்தான் முழுக்கத் திருப்பினாள்.